கதவுக்கு இந்தப் பக்கம்

விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக அணைந்துகொண்டு வந்தபோது, எழும்பிப் போய்விடலாமா என்று தவமலருக்கு ஒருகணம் இருந்தது. மூன்றாவது வரிசையில் நட்ட நடுவில் இருத்தியிருந்தார்கள். எழும்பினால் இந்தப் பக்கம் ஆறு பேருடைய முழங்காலையோ அந்தப் பக்கம் ஏழு பேருடைய முழங்காலையோ இடித்துக்கொண்டுதான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, லண்டன் நகர நடுவில், இவ்வளவு வெள்ளைக்காரச் சனம் பார்க்க வருகிற படம் நல்ல படமாகத்தான் இருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் மகள் ஆரணி. முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட ஆசிரியை, கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டதுபோல வெளிக்கிட்டு வந்திருந்தாள். "கோட்டைக் கழட்டுங்கோ அம்மா, வேர்க்கப்போகுது." தவமலர் கழற்றவில்லை. கோட்டுக்குள் இருப்பது ஒரு மறைப்பாக இருந்தது. சற்று முன் வாசலில் ஹாரியட் ஓடி வந்து கட்டிப்பிடித்து, "இது உங்கள் படம், மலர்" என்று சொன்னாள். படத்தை எடுத்தவள் அவள்தான். நாலு வருஷத்துக்கு முந்தி, ஈஸ்ட் ஹாமில், நூலகத்தின் மேல்மாடியில், இந்த வட்டாரத்துப் பெண்களின் கதைகளைப் பதிகிறோம் என்று ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துக்கொண்டிருந்த பிள்ளை. சொல்லச் சொல்ல அழுத பிள்ளை. அன்றைக்குச் சொன்ன அந்த விஷயத்தைத் தவமலர் அதற்கு முதல் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. கணவர் குலசிங்கத்துக்கு மட்டும் தெரியும், அவரும் அதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆரணிக்குக்கூடத் தெரியாது. "அப்பிடி என்ன கதையம்மா குடுத்தனீங்கள்?" என்று அவள் கேட்டபோதெல்லாம், "படத்திலை பார்" என்றுதான் சொல்லி வந்தாள். தன் வாயால் மகளுக்குச் சொல்ல முடியாததைப் படம் சொல்லட்டும் என்றுதான் கையெழுத்தே வைத்தாள். சொல்லி முடித்த பிறகு ஆரணியின் முகம் எப்படி மாறும் என்பதை எத்தனையோ நாள் கண்ணை மூடிப் பார்த்து வைத்திருந்தாள். திரை கறுப்பாகி, வெள்ளை எழுத்தில் வந்தது: ஓர் உண்மைக் கதையைத் தழுவியது.

தழுவியது என்றால் கட்டிப்பிடித்தது என்றும் இருக்கிறதுதானே, ஹாரியட் வாசலில் கட்டிப்பிடித்ததுபோல, என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே படம் ஒரு குசினிக்குள் போய்விட்டது. நீலத் தட்டோடுகள் பதித்த அழகான குசினி. யன்னலில் செடிகள். அலுமாரி நிறையப் புத்தகங்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண், நாற்பது வயதிருக்கும், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு பியானோ வாசித்தாள். எலினோர் என்று யாரோ கூப்பிட்டார்கள். சங்கீத ரீச்சராம், புருஷன் செத்துப்போனவளாம். யார் இது? தவமலர் அந்த நாளையப் பக்கத்து வீட்டு ஜானிஸுக்காகக் காத்திருந்தாள். இந்தப் பெண் போய் ஜானிஸ் வருவாள், வாசலில் நின்று சிகரட் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடக் குசினியில் பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்த எண்ணெய் மணத்தோடு, இடது கையில் கொதியெண்ணெய் பட்டு நிறம் மாறின தோலோடு. இடப்பக்கக் கடைவாயில் பல்லில்லை, சிரிக்கும்போது கையால் மறைப்பாள். வாயை மறைக்கிற வெள்ளைக்காரி ஒருத்தியைத் தவமலர் அதற்கு முதல் கண்டதில்லை. ஊரில் அவள் கண்ட வெள்ளைக்காரிகள் எல்லாம் படத்தில் கண்டவர்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படம் ஓடுகிற ஒரே ஒரு தியேட்டர், அண்ணன் கூட்டிக்கொண்டு போவான். அங்கே சீமாட்டிகள் கையுறை போட்டுக்கொண்டு குதிரை வண்டியிலிருந்து இறங்குவார்கள், தோட்டத்தில் வெள்ளைத் துணி விரித்துத் தேத்தண்ணி குடிப்பார்கள், யாரும் கத்த மாட்டார்கள், அழுதாலும் மூக்கு ஒழுகாது. லண்டனுக்கு வந்து இறங்கின அன்று ஒற்றைச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிற அந்தச் செங்கல் வீட்டு வரிசையைக் கண்டபோது, இது லண்டன்தானா என்று குலசிங்கத்தைக் கேட்டாள். "ஓம், படத்திலை இதைக் காட்ட மாட்டாங்கள்" என்று சொல்லி அவர் சிரித்தார்.

எலினோர் யன்னலருகே போய் நின்று பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அழகான முகம், கவலைப்படுவதற்கென்றே செய்து வைத்த முகம். ஜானிஸுக்கு இந்த முகம் கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் பழைய ஆங்கிலப் படம் ரீவியில் போகும், ஆங்கிலம் பழகலாம் என்று தவமலர் போட்டுவிட்டு இருப்பாள், குலசிங்கம் பெற்றோல் நிலையத்தில் வேலைக்குப் போயிருப்பார், புருஷன் கெவின் குடிக்கப் போன நேரம் பார்த்து ஜானிஸ் பின்கதவால் வருவாள். இரண்டு பேரும் ஒரு பழைய சோபாவில், நடுவில் குழந்தை ஆரணி. "மாலா," அவளுக்குத் தவமலர் என்று சொல்ல வராது, "இதைப் பார்த்து எங்களை எடைபோட்டு விடாதே, செல்லம். இந்தப் படத்தில் நான் யார் தெரியுமா? பொறு, பொறு, இப்ப வருவேன். இந்தா, கரி வாளியோடு ஒருத்தி வந்து கதவைத் திறந்துவிட்டுப் போனாளே, அவள்தான் நான்." பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் எங்கை?" என்று தவமலர் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். ஜானிஸ் திரையை உற்றுப் பார்த்து, யோசித்து, "நீ தேயிலையில் இருக்கிறாய்" என்றாள். அதற்கு இருவரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி ஹாரியட்டுக்கு நிறையச் சொன்னாள். சிரிக்கும்போது ஜானிஸ் விலாவைப் பிடித்துக்கொண்டதையும் சொன்னாள். சிரிப்பில் பிடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள் என்பதையும் சொன்னாள்.

படத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது, ஒரு மனிதன் உள்ளே போனான். மண்ணிறத் தோல், கனத்த மீசை. உள்ளே ஒரு பெண், சேலை கட்டி, நெற்றியில் பெரிய பொட்டோடு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். சத்தம் தியேட்டர் முழுவதும் அதிர, முன்வரிசையில் ஒரு கிழவி தன் நெஞ்சில் கையை வைத்தாள். தவமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர்கள் யார்? வேறு வீடாக்கும். இந்தத் தெருவில் எத்தனையோ வீடு. படம் என்றால் நாலு குடும்பத்தையும் காட்டத்தானே வேண்டும். ஜானிஸ் இனித்தான் வருவாள். அந்த மனிதன் திரும்பினான், அவன் போட்டிருந்த சட்டையின் சிவப்புக் கழுத்துப்பட்டியைக் கண்டாள். பெற்றோல் நிலையத்துச் சட்டை. குலசிங்கம் அதைத்தான் பதினாலு வருஷம் போட்டார், வெள்ளிக்கிழமைகளில் அவள் அதைக் கழுவி ஹீற்றரின் மேல் காயப்போட்டாள். இதையும் ஹாரியட்டுக்குச் சொன்னது அவள்தான், கழுத்துப்பட்டியின் நிறம்வரை. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த மனிதன் அந்தப் பெண்ணின் தலைமுடியைச் சுற்றிப் பிடித்தான். இல்லை, மாறிப்போச்சு. வீடு மாறிப்போச்சு, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை இந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள், யாரோ படச்சுருளை மறுவளமாகப் போட்டுவிட்டார்கள், யாரிடமாவது சொன்னால் நிறுத்துவார்கள். பக்கத்தில் இருட்டில் ஒரு கை வந்து அவளுடைய கையைத் தேடிப் பிடித்தது. ஆரணியின் கை. திரும்பிப் பார்த்தாள். மகளின் கன்னம் நனைந்து, திரை வெளிச்சத்தில் மினுங்கியது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குலசிங்கம். அந்த மனிதர் ஒரு எறும்பை மிதிக்க யோசிப்பவர் என்று சொன்னால் அதுவும் படத்தில் வருகிற கதைபோல இருக்கும், அவர் அப்படியும் இல்லை. கோபம் வந்தால் பேச மாட்டார். உப்புக் கூடினால் கோப்பையை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போவார், பிறகு தானே வந்து தயிர் விட்டுச் சாப்பிடுவார். குறட்டை விடுவார். சீட்டுப் போட்டதை மறைத்து ஒருமுறை பொய் சொல்லியிருக்கிறார். கை நீட்டினதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒருதரம்கூட இல்லை. இல்லையா? தவமலர் தேடினாள். இந்தச் சட்டை அவரைத்தான் சொல்லுகிறது, இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், அந்தக் கிழவி நெஞ்சில் கை வைத்திருக்கிறாள், ஒருவேளை ஏதாவது ஒருநாள், மறந்துபோன ஒரு நாள்? தன் முதுகை, தன் கன்னத்தை, தோளை, ஒவ்வொன்றாக மனதால் தடவிப் பார்த்தாள், பொலிஸ்காரன் ஒரு வீட்டைச் சோதிப்பதுபோல. ஒன்றுமில்லை. இப்படித் தேடினதற்கே அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் படத்திலிருந்த பெண் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முக்கால் மணித்தியாலமாகி விட்டது. விம்முகிறாள், சாமிப்படத்தின் முன் நிற்கிறாள், வெங்காயம் வெட்டுகிறாள், பெரிய கண்களால் யன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், பேசவில்லை. இது நானா? நான் மீன்காரனோடு சண்டை பிடிக்கிறவள். பேருந்தில் காலை மிதித்தவனைத் தமிழில் ஏசினவள். தேயிலையில் இருக்கிறாய் என்று சொன்னதற்கு ஜானிஸின் தொடையில் அடித்து, "அப்ப நீ சீனியிலை இரு" என்று சொன்னவள். நீலத் தட்டோட்டுக் குசினிக்காரியும் ஜானிஸ் இல்லை. இவர்கள் ஜானிஸின் பல்லில்லாத வாயையும் என்னுடைய வாயையும் ஒன்றாக எடுத்துவிட்டு இரண்டு பேருக்கும் வேறு வாய் பூட்டியிருக்கிறார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வருமென்று தெரிந்திருந்தும், வந்தபோது அவளுடைய கால்கள் கதிரைக்கடியில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. சேலை கட்டின பெண் வெறுங்காலோடு மழையில் ஓடி எலினோரின் கதவைத் தட்டினாள். எலினோர் பியானோவிலிருந்து எழும்பி ஓடினாள். கதவு திறந்தது. உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் வெளியே கொட்டியது, வெள்ளைக் கைகள் நீண்டன, வயலின் சத்தம் உயர்ந்தது, தியேட்டரில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அன்றைக்கு மழையில்லை. வெயில். மாசி மாதத்தில் அப்படி ஒரு வெயில் இந்த நாட்டில் எப்போதாவதுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், இந்த நேரம்தான் இருக்கும். குலசிங்கம் வேலையில். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றாள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றரை மணித்தியாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, கதிரை விழுவது, கெவினின் குரல், பிறகு ஒன்றுமில்லாமல் இருப்பது, அதுதான் பயம். பிறகு கதவு. விரலால் இல்லை, உள்ளங்கையால் தட்டினாள். "மாலா. மாலா, நான்தான். ப்ளீஸ், செல்லம்." தவமலர் கதவுக்கு இந்தப் பக்கம் மூன்றடி தூரத்தில் நின்றாள். கண்ணாடி வழியாக ஜானிஸின் நிழல், கலைந்த தலை. மேசையில் ஹோம் ஒஃபீஸ் கடிதம் கிடந்தது, வழக்கு இன்னும் ஆறு கிழமையில் என்று. திறந்தால் கெவின் வருவான், கெவின் வந்தால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் பேர் எழுதுவார்கள், பேர் எழுதினால் அகதி வழக்கில் அது போய் நிற்கும், திருப்பி அனுப்புவார்கள், ஊரில் குண்டு விழுகிறது, பிள்ளை இருக்கிறாள். இவ்வளவும் யோசித்தாளா? ஹாரியட்டுக்கு அப்படித்தான் சொன்னாள். உண்மையில் யோசிக்கவில்லை. உண்மையில் கால் அசையவில்லை, அவ்வளவுதான். தட்டினது ஆறா ஏழா? ஹாரியட்டுக்கு ஏழு என்று சொன்னாள். ஆறாகவும் இருக்கலாம். கடைசிச் சத்தம் தட்டினதா, கை வழுக்கிக் கீழே இறங்கினதா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. எலினோரின் கதவு எவ்வளவு கெதியாகத் திறந்தது. இரண்டாம் தட்டுக்கே திறந்துவிட்டது.

பின்னேரம் ஆறு மணிக்குக் குலசிங்கம் வந்ததும் சொன்னாள். அவர் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, அப்படியே திரும்பிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். கெவின் திறந்து, அவள் படுத்திருக்கிறாள், படியில் விழுந்துவிட்டாள், உனக்கென்ன வேலை என்று கேட்டான். "நான் அவவைப் பாக்க வேணும்" என்று குலசிங்கம் வாசலிலேயே நின்றார். கெவின் அவருடைய நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். அவர் விழுந்து எழும்பித் தெருமுனைத் தொலைபேசிக்குப் போய் அம்புலன்சுக்கு அடித்தார். ஜானிஸ் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தாள். பொலிஸ் வீடு வீடாக வந்தபோது குலசிங்கம் வேலையில், கதவைத் திறந்தவள் தவமலர். அன்றைக்குத் திறந்தாள். ஒரு பெண் பொலிஸ், இளம்பிள்ளை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது சத்தம் கேட்டதா என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். தவமலர் தலையாட்டி, ஆங்கிலம் தெரியாது என்று சொன்னாள். நாலு வருஷமாக ஜானிஸ் சோபாவில் இருந்து பழக்கின ஆங்கிலத்தில்தான் அதைச் சொன்னாள், உச்சரிப்பும் ஜானிஸின் உச்சரிப்புத்தான். படியில் விழுந்ததென்று தீர்ந்தது. நான் போய்ச் சொல்லுறன் என்று குலசிங்கம் வெளிக்கிட்டபோது அவள் கதவுக்குக் குறுக்கே நின்று, "கேஸ் முடியட்டும், பிள்ளையை நினையுங்கோ" என்று காலில் விழாத குறையாக அழுதாள். அவர் நின்றுவிட்டார். பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. அவருடைய வாழ்நாளில் அவளுக்குச் செய்த கொடுமை அது ஒன்றுதான். பன்னிரண்டாம் நாள் காலை, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேர் வீட்டில் எழவில்லை. இந்தப் படத்தில் நல்லவராக வர வேண்டியவர் யாராவது இருந்தால் அவர்தான். அவருடைய சட்டையைத்தான் எடுத்து அவனுக்குப் போட்டிருக்கிறார்கள். கெவின் எங்கே? இந்தப் படத்தில் எந்த மூலையிலும் கெவின் இல்லை. இந்தத் தெருவில் கெவின் என்று ஒருவன் இருந்ததே இல்லை. ஜானிஸ் செத்ததும் இல்லை, பிறந்ததும் இல்லை.

படம் முடிந்தது. கடைசியில் இரண்டு பெண்களும் கடற்கரையில் நடந்தார்கள், சேலைக்காரி முதல்முறையாக வாய் திறந்து நன்றி என்று சொன்னாள். விளக்குப் போட்டதும் கைதட்டல். ஹாரியட் மேடையில் ஒலிவாங்கியோடு நின்று, எங்களுக்குள் இருக்கும் கருணையைப் பற்றி, கதவைத் திறக்கிற ஒரு சமூகத்தைப் பற்றிச் சொன்னாள். பொய் சொல்லுகிற முகம் இல்லை அவளுக்கு. அதுதான் தவமலரை இன்னும் நடுங்கவைத்தது. "எலினோர் என் கற்பனைதான்," என்று ஹாரியட் சொன்னாள், "ஆனால் மற்றவர் உண்மை. அவர் இன்றைக்கு இங்கே இருக்கிறார்." முந்நூறு தலைகள் திரும்பின. யாரோ ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஆரணி காதுக்குள், "பேச விருப்பமில்லாட்டி வேண்டாம் அம்மா" என்றாள். தவமலர் எழும்பினாள். கைப்பை விழுந்தது, அவள் குனியவில்லை. இப்போது சொன்னால் எல்லாம் சரியாகிவிடும், ஆரணிக்கும் இதிலேயே விளங்கிவிடும் என்று நினைத்தாள். ஆங்கிலத்தில், சரியான ஆங்கிலத்தில், மெல்லச் சொன்னாள். "அவள் கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அவள் செத்துப்போனாள்."

ஹாரியட் தன் நெஞ்சில் கையை வைத்தாள். "மலர் தன்னைத்தான் அவள் என்கிறார்," என்று மெதுவாகச் சபைக்கு விளங்கப்படுத்தினாள். "அடிபட்ட அந்தப் பழைய பெண் செத்துப்போனாள் என்கிறார். அவளை உள்ளே விடாமல் பூட்டி வைத்ததற்குத் தன்னையே குற்றம் சொல்லுகிறார். இப்படித் தப்பிவந்த எத்தனை பேர் தங்களையே குற்றம் சொல்லுகிறார்கள்." கிழவி முதலில் எழும்பினாள். பிறகு ஒவ்வொருவராக, பிறகு எல்லோரும், எழும்பி நின்று கைதட்டினார்கள். "இல்லை," என்று தவமலர் சொன்னாள், "இல்லை, ஜானிஸ், அவளின்ரை பேர் ஜானிஸ்." ஒலிவாங்கியை அதற்குள் வாங்கிவிட்டார்கள். வெளியே மண்டபத்தில் ஹாரியட்டின் கையைப் பிடித்து, "நான் சொன்னது இதில்லையே பிள்ளை" என்றாள். ஹாரியட்டின் முகம் ஒருகணம் வெளுத்தது. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது, தெரியாமல் இல்லை. "மலர், அப்படியே எடுத்திருந்தால் யாரும் காசு போட்டிருக்க மாட்டார்கள். அகதி ஒருத்தி கதவைத் திறக்காமல் விட்டாள் என்று காட்டினால் உங்கள் ஆட்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? உங்களைக் காப்பாற்றத்தான் நான் அப்படிச் செய்தேன்." பிறகு யாரோ கூப்பிட, முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ரயிலில் ஏறி ஐந்து நிறுத்தம் போயிருந்தது. எதிரே ஒரு பெண் கைத்தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். தவமலர் மகளின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். இனி ஆங்கிலம் வேண்டாம், என்ர பாஷையில், என்ர பிள்ளைக்கு, ஒழுங்காகச் சொல்லப்போகிறேன். சொன்னாள். ஜானிஸ் யாரென்று சொன்னாள், கெவினைச் சொன்னாள், வெயிலைச் சொன்னாள், கடிதத்தைச் சொன்னாள், அப்பா சப்பாத்தோடு போனதைச் சொன்னாள், பொலிஸ் பிள்ளையைச் சொன்னாள். "அப்பா ஒருநாளும் கை நீட்டினதில்லை. அடி வாங்கினது அவள். திறக்காமல் நிண்டது நான். இதுதான் நடந்தது." ஆரணி முழுவதையும் கேட்டாள். ரயில் ஒரு நிறுத்தத்தில் நின்று கதவு திறந்து மூடியது. பிறகு ஆரணி தன் மடியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு கனவு வாறது. சின்னனிலை இருந்து. உங்களுக்கு நான் சொன்னதில்லை. ஒரு ஒடுக்கமான இடம், ஆரோ கதவைத் தட்டிக்கொண்டே இருக்கினம். ஒரு கை என்ர வாயைப் பொத்துது. மூச்சு விட ஏலாது. கனவில்லை, அது நடந்தது, எனக்கு எப்பவும் தெரியும். இண்டைக்குத்தான் ஆரின்ர கையெண்டு விளங்கினது."

தவமலருக்கு அப்போதுதான் அது வந்தது. இருபத்தொன்பது வருஷமாக, ஹாரியட்டுக்குச் சொன்னபோதும், தனக்குத் தானே சொல்லிக்கொண்டபோதும் ஒருநாளும் வராதது. இடுப்பில் இருந்த பிள்ளை ஜானிஸின் குரலைக் கேட்டு, பழகின குரல்தானே, சிரித்துக்கொண்டு கூப்பிட வாயெடுத்தாள். ஜா என்று தொடங்கினாள். அந்தச் சின்ன வாயின் ஈரம் உள்ளங்கையில் இப்போது பட்டது.

"அது என்ர கை, பிள்ளை" என்றாள்.

ஆரணி குலுங்கி அழத் தொடங்கினாள். அம்மாவின் கையைத் தூக்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். "போதும் அம்மா. அவர் செத்தாப் பிறகும் நீங்கள் அவரைக் காப்பாத்திக்கொண்டு இருக்கிறியள். ஒரு பக்கத்து வீட்டுக்காரியைக்கூட உண்டாக்கிப் போட்டியள். பள்ளிக்கூடத்திலை நாங்கள் இப்பிடி எத்தினை பிள்ளையளைப் பாக்கிறம், அதுகள் எல்லாம் இப்பிடித்தான் சொல்லுங்கள், தங்களிலைதான் பிழை எண்டு." மூக்கைத் துடைத்தாள். "வாற மாசம் திவசத்துக்கு நான் வரேல்லை. என்னாலை அந்த ஆளுக்குப் படைக்கேலாது. நீங்களும் செய்ய வேண்டாம்."

"ஆரணி, நான் சொல்லுறதைக் கேள்."

"கேட்டுட்டன் அம்மா. எல்லாம் கேட்டுட்டன்."

அவளுடைய முகம், தவமலர் இத்தனை நாளும் கண்ணை மூடிப் பார்த்து வைத்திருந்த முகங்களில் ஒன்றாக இல்லை. வெறுப்பில்லை, அருவருப்பில்லை. எலினோரின் முகம். கவலைப்படுகிற, அழகான முகம். ஈஸ்ட் ஹாம் வந்தது. ஆரணி முதலில் எழும்பி, கைப்பையைத் தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தாயின் முழங்கையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். வெளியே போகும் படிகளில் சனம் நெரிந்தது. "கொஞ்சம் வழிவிடுங்கோ" என்று எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு, நோயாளி ஒருத்தியைக் கூட்டிப்போவதுபோல, அவளை ஒவ்வொரு படியாக ஏற்றினாள்.